பட்டாளத்து மகனும் அவன் எழுதி வைக்க வேண்டிய தாள்களும்

தோட்டப்புறக் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை பட்டாளத்தில் சேர்வது நமக்குப் புதிய செய்தியன்று. பல இனத்தாரும் தோளோடு தோள் நின்று பணிபுரியும் அரச ரெஞ்சர் படைப்பிரிவிலும், கடற்படையிலும், வான்படையிலும் நம்மவர் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றனர். 1971ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில் நடந்த இராணுவ நடவடிக்கையில் உயிர்நீத்த மோகன சந்திரன் வேலாயுதனுக்கு, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதாகிய ‘ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா’ அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அத்தகைய தியாகங்களை நாம் மறப்பதற்கில்லை.

எனினும் இக்கட்டுரையில் நாம் பேச முற்படுவது வீரத்தைப் பற்றியன்று, தாள்களைப் பற்றி. படையில் உள்ள ஒருவர் எதிர்பாராமல் இறந்துவிட்டால், அவர் சேர்த்த பணமும் வாங்கிய வீடும் யாரைச் சேரும்? அதை முடிவு செய்வது எது? “நல்ல நாளில் சாவைப் பற்றிப் பேசலாமா?” என்று நம் தாய்மார் வாயைப் பொத்துவர். அவர்கள் மனம் நமக்குப் புரிகிறது. ஆனால், பேசாமல் விட்ட வீடுகளில்தான் காரியம் முடிந்த பதினாறாம் நாளே மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் அலுவலகப் படி ஏறுகின்றனர்.

ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தந்தை இல்லை, தாய் பால்மரம் வெட்டி அவனை வளர்த்து ஆளாக்கியவள். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்கிறான். சேர்ந்த உடனே பல பாரங்களை அவன் முன் வைக்கின்றனர். “உனக்கு ஏதேனும் நேர்ந்தால் யாருக்குத் தெரிவிப்பது, பணம் யாருக்கு?” என்று கேட்கும் இடங்களிலெல்லாம் அவன் தாயின் பெயரை எழுதுகிறான். அந்த வயதில் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அது சரியான செயலே. ஏழாண்டுகள் கழித்து அவன் மணம் முடிக்கிறான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி விருந்துண்டு, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டனர். அந்தப் பாரங்களை மட்டும் அவன் மறுபடி தொடவே இல்லை. பத்தொன்பது வயதில் எழுதிய தாள் முப்பது வயதுக் குடும்பத்தலைவனுக்குப் பொருந்தாது என்று எடுத்துச் சொல்வாரும் இல்லை.

இனி இவன் விட்டுச் செல்லக்கூடிய பணத்தைப் பிரித்துப் பார்ப்போம். எல்லாம் பணம்தானே என்று நாம் எண்ணுகிறோம். சட்டமோ அதை மூன்று தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு சாவி.

முதல் பெட்டி, சட்டமே நேராக ஆளைக் காட்டிக் கொடுப்பது. படையினர் இறந்தால் கணவனை இழந்த மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் உரிய ஓய்வூதியம் இவ்வகையைச் சேர்ந்தது. அது இறந்தவரின் சொத்தன்று. “என் ஓய்வூதியத்தை என் தம்பிக்குக் கொடுங்கள்” என்று உயிலில் எழுதினாலும் அந்த வரி செல்லாது. தோட்டத் தொழிலாளர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ வழங்கும் வாரிசு உதவித்தொகையும் இதே போன்றதே. இங்கே உயிலுக்கு வேலை இல்லை. ஆனால் ‘மனைவி’ என்று மெய்ப்பிக்கும் சான்றுக்கு மிகுந்த வேலை உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

இரண்டாவது, நியமனம் எழுதி வைக்கும் பணம். மலாயில் ‘பெனாமா’ என்று கேட்பார்களே, அதுவே இது. ஆயுதப் படையினருக்கென்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆயுதப் படை நிதி வாரியம் இருக்கிறது; எல்.டி.ஏ.டி. என்றே முகாமில் அழைப்பர். அதிகாரி அல்லாத படையினர் தம் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் இதில் கட்டாயமாகச் செலுத்துகின்றனர். அரசாங்கம் பதினைந்து வீதம் சேர்க்கிறது. நம் இளைஞனின் மனைவி ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தால், அவளுக்கு ஊழியர் சேமநிதி, அதாவது இ.பி.எஃப். கணக்கு இருக்கும். தாய்க்கோ பால்மரம் வெட்டிய காலத்துச் சேமநிதியும், ஒருவேளை துன் சம்பந்தனார் 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குகளும் இருக்கலாம். இவை யாவற்றிலும் நியமனம் எழுதலாம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் சேமநிதியில் ஒருவரை நியமித்திருந்தால், பணம் அந்த ஒருவருக்கே சொந்தமாகச் சேரும். பின்னால் எழுதிய உயிலில் “என் சேமநிதி முழுதும் என் மனைவிக்கு” என்று கண்டிருந்தாலும் வாரியம் நியமனப் பதிவையே பார்க்கும். உயில் நியமனத்தை வெல்லாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் படித்தவர்களும் இதில் தடுக்கி விழுகின்றனர்.

ஆயுள் காப்புறுதியிலும் நியமனம் உண்டு. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் தம் மனைவியையோ கணவனையோ பிள்ளைகளையோ நியமித்தால், அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டாகவே நிற்கும். கடன்காரரும் அதில் கை வைக்க முடியாது. மனைவி மக்கள் இல்லாதவர் பெற்றோரை நியமித்தாலும் அப்படியே. ஆனால் அண்ணன், தங்கை, நண்பர் என்று நியமித்தால், அவர் பணத்தைப் பெற்றுப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே, உரிமையாளர் அல்லர். ஒரே சொல், இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு அலுவலகத்திலும், “நான் பெயர் எழுதியவருக்குப் பணம் சொந்தமா, அல்லது அவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டியவரா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டு விடை பெற்றுக்கொள்வது நல்லது. ஆயுதப் படை நிதி வாரியத்திலும் அதையே கேட்க வேண்டும்.

மூன்றாவது பெட்டி, மிஞ்சியவை எல்லாம். வங்கிச் சேமிப்பு, வீடு, நிலம், மோட்டார் சைக்கிள், கார், நகை. இதற்குத்தான் உயில். உயில் இல்லையேல், சட்டம் தானே பங்கு பிரிக்கும்.

எப்படிப் பிரிக்கும்? தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. அது 1997இல் திருத்தப்பட்டது. உயில் எழுதாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையேல் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இல்லாமல் மனைவியும் பெற்றோரும் மட்டும் இருந்தால் ஆளுக்குப் பாதி. நம் இளைஞன் இந்த மூன்றாம் பெட்டியில் 80,000 வெள்ளி விட்டுச் சென்றான் என்று வைத்துக்கொண்டால், மனைவிக்கு 20,000, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 40,000, தாய்க்கு 20,000. பால்மரம் வெட்டி வளர்த்த தாய்க்குச் சட்டம் ஒரு பங்கு வைத்திருக்கிறதே என்று நாம் மகிழலாம். 1997க்கு முன் பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. அவன் திருமணம் பதிவு செய்யப்பட்டதா?

1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தேதிக்குப் பின் நடந்தவை சட்டப்படி நடத்தப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். தாலி, அக்கினி, ஆயிரம் பேர் ஆசி எல்லாம் இருந்தும் பதிவு இல்லையேல், சட்டத்தின் கண்ணில் அங்கே மனைவி இல்லை. கோயில் திருமணமே கூடாது என்பதன்று இதன் பொருள். உதவிப் பதிவதிகாரியாக நியமனம் பெற்றவர் உள்ள கோயிலில் இரண்டையும் ஒருங்கே முடித்துக்கொள்ளலாம், அல்லது தேசியப் பதிவிலாகாவில் முதலில் பதிவு செய்துகொண்டு பின்னர் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம். தோட்டப்புறங்களில் “பிறகு செய்யலாம்” என்று ஒத்திப்போட்டதே பலருக்கும் வினையாயிற்று.

பதிவு இல்லையெனில் மேலே சொன்ன 80,000 வெள்ளிக் கணக்கு தலைகீழாகும். மனைவிக்கு என்று இருந்த பங்கு மறைந்துவிடும். பிள்ளைகளின் பங்கும் கேள்விக்குள்ளாகி, வழக்காடித்தான் அதை நிலைநாட்ட வேண்டியதாகலாம். சட்டம் அறிந்த வாரிசாக எஞ்சி நிற்பவள் தாய் ஒருத்தியே. நல்ல மனமுடைய மாமியார் அள்ளிக் கொடுப்பாள். ஆனால் துக்கத்தின்போது உறவினர் பத்துப் பேர் காதில் ஓதுவர் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். முதல் பெட்டியாகிய ஓய்வூதியத்துக்கும் அதே திருமணச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஆகவே இப்போதும் காலம் கடந்துவிடவில்லை; கணவன் மனைவி இருவரும் உயிரோடிருக்கையில் பதிவு செய்துகொள்ளலாம். பெற்றோர் பின்னர் முறையாகப் பதிந்துகொண்டால், முன்னே பிறந்த பிள்ளைகளின் நிலையையும் சீராக்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது.

உயிலுக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது மிகச் சிலவே. பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். தெளிந்த அறிவோடு இருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். முடிவில் கையொப்பம் இட வேண்டும். அந்தக் கையொப்பத்தை இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து பார்த்துத் தாமும் ஒப்பமிட வேண்டும். அவ்வளவுதான். வழக்கறிஞர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தமிழில் எழுதலாம், நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டியிருக்கும். எழுதத் தெரியாத பெரியவர் கைநாட்டு வைக்கலாம். அப்போது உயிலை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டியதாக ஒரு குறிப்பைச் சேர்ப்பது பின்னாளில் சண்டையைத் தடுக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இடங்களுக்குச் சென்று, சத்தியப் பிரமாண அதிகாரியிடம் ஒரு கடிதத்தில் முத்திரை குத்தி வாங்கி வந்து, “இதோ உயில்” என்று பெட்டியில் வைப்பவர் உண்டு. முத்திரை விழுந்த தாளுக்கு நம்மவரிடையே அத்தனை மதிப்பு! ஆனால் உயிலுக்கு அந்த முத்திரை தேவையே இல்லை. தேவையான இரண்டு சாட்சிகள் இல்லாவிட்டால் எத்தனை முத்திரை குத்தினாலும் அது உயில் ஆகாது.

சாட்சி விஷயத்தில் நம் வழக்கமே நமக்குப் பகையாகிறது. முக்கியமான தாள் என்றால் வீட்டு மூத்த மகனையும் மருமகனையும் கூப்பிட்டுச் சாட்சி வைப்பதே நாம் மரியாதை என்று கருதுவது. உயிலில் இது பெருங்கேடு. சாட்சியாக ஒப்பமிட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதேனும் கொடுத்திருந்தால், அந்தக் கொடை செல்லாது; உயில் நிற்கும், அவர் பங்கு மட்டும் போய்விடும். ஆகையால் ஒன்றும் பெறாத இருவரையே, பக்கத்து வீட்டுக்காரரையோ, தோட்டக் கிராணியையோ, பள்ளி ஆசிரியரையோ அழைக்க வேண்டும். அவர்கள் உயிலின் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை. கையொப்பம் இடுவதைப் பார்த்தால் போதும்.

உயிலில் ஒரு நிறைவேற்றுநரின் பெயர் இருக்க வேண்டும். கடனைத் தீர்த்து, சொத்தைத் திரட்டி, உரியவரிடம் ஒப்படைப்பவர் அவர். மனைவியே இருக்கலாம். வயது வராத பிள்ளைகள் இருந்தால், இருவரும் இல்லாமற் போனால் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் உயிலிலேயே குறிப்பிடலாம். முகாம் மாறி முகாம் செல்லும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமன்று. தாய்க்கு என்ன, மனைவிக்கு என்ன என்று வெளிப்படையாக எழுதலாம். சட்டம் சொன்ன கால், அரைக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. எனினும் மனைவியையோ, மணமாகாத மகளையோ, வயது வராத மகனையோ அடியோடு கைவிட்டு எழுதினால், 1971ஆம் ஆண்டுக் குடும்பப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவர்கள் நீதிமன்றத்தை நாடலாம்.

இனி எல்லாரும் மறக்கும் ஒரு விதி. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். குறிப்பிட்ட ஒருவரை மணக்கப் போவதை எண்ணியே எழுதியது என்று உயிலில் கண்டிருந்தால் மட்டும் விலக்கு. மணவிலக்கோ உயிலை ரத்துச் செய்வதில்லை! பிரிந்துபோன மனைவியின் பெயர் உயிலில் இருந்தால் இருந்தபடியே இருக்கும். நம் இளைஞன் பத்தொன்பது வயதில் தாய்க்கு என்று உயில் எழுதியிருந்தால், பதிவுத் திருமணம் நடந்த அன்றே அது செத்தது. ஆனால் நிதி வாரியத்திலும் சேமநிதியிலும் எழுதிய நியமனங்கள் தனிக் கணக்கு. திருமணத்தோடு எல்லாம் தானே மாறிவிடும் என்று நம்பியிருக்கலாகாது. மணமான வாரத்திலேயே ஒவ்வொரு அலுவலகத்திலும் விசாரித்துப் புதுப்பிப்பதே பாதுகாப்பு. புதுப்பிக்கும்போது தாயின் பெயரை அடித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சேமநிதி நியமனத்தில் ஒருவருக்கு மேற்பட்டோரை எழுதி, இன்னாருக்கு இத்தனை வீதம் என்று பிரிக்கலாம். தாயிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பிரிப்பது மேல்.

“படையினருக்கு உயில் சட்டத்தில் சலுகை உண்டாமே?” என்று கேட்போர் உளர். உண்டு, அதன் வரலாறும் சுவையானது. போர்க்களத்தில் நிற்பவன் எழுத்தரையும் சாட்சியையும் எங்கே தேடுவான் என்று எண்ணி, உரோம நாட்டில் படைவீரர்களுக்கு முறை தளர்த்திய உயிலை முதலில் அனுமதித்தவர் சூலியஸ் சீசர் என்று அந்நாட்டுச் சட்ட நூல்கள் கூறும். இங்கிலாந்தில் 1677ஆம் ஆண்டுச் சட்டமும் 1837ஆம் ஆண்டு உயில் சட்டமும் அச்சலுகையைக் காத்தன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சட்டைப் பையில் வைத்திருந்த சம்பளப் புத்தகத்திலேயே உயில் எழுத ஒரு பக்கம் இருந்தது. அந்த மரபு நம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது. மெய்யான போர்ப்பணியில் உள்ள மலேசிய ஆயுதப் படையினரும், கடலில் இருக்கும் மாலுமிகளும் கடற்படையினரும் வழக்கமான முறைகள் இன்றியே உயில் செய்யலாம், வாய்மொழியாகவும் சொல்லலாம்.

1978ஆம் ஆண்டில் வட அயர்லாந்தில் ரோந்து சென்ற ஒரு பிரிட்டிஷ் சிப்பாய் சுடப்பட்டார். உயிர் பிரியுமுன், தம் படைப்பிரிவைச் சேர்ந்த இருவரிடம், தாம் பிழைக்காவிட்டால் தம் உடைமையெல்லாம் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குச் சேர வேண்டும் என்று கூறினார், மறுநாள் இறந்தார். அவர் முன்னரே தாய்க்கு என்று எழுதி வைத்த உயில் ஒன்று இருந்தது. எதிரி சீருடை அணிந்த அந்நிய நாட்டுப் படையல்லவே, அது எப்படிப் போர்ப்பணி ஆகும் என்ற கேள்வி எழுந்தது. 1981ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள அந்த வழக்கில், படையின் பணி எத்தகையது என்பதே முக்கியம் என்று கூறி, நீதிமன்றம் வாய்ச்சொல்லையே உயிலாக ஏற்றது. இறந்தவனின் ஆசை நிறைவேறியது. ஆனால் தாய்க்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே முடிவு நீதிமன்றத்தில்தான் கிடைத்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விடுமுறையில் வீட்டில் இருந்த ஓர் இளங்கப்பலூழியர், சாட்சியில்லாமல் எழுதிய உயிலை, அவர் அப்போது கடற்பணியில் இல்லை என்று கூறி 1983இல் இங்கிலாந்து நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவ்வாறாயின் சுங்கை பீசி முகாமில் அன்றாடப் பணி செய்பவரும், விடுமுறையில் கிள்ளானில் தாய் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பவரும் இந்தச் சலுகையை நம்பியிருக்கலாகாது. வாய்மொழி உயில் நெடுநாள் நிற்பதும் அன்று. இந்தியாவின் 1925ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம், வீரன் அச்சலுகை நிலையிலிருந்து நீங்கி ஒரு மாதம் உயிரோடிருந்தால் அது அற்றுப்போகும் என்கிறது. அமைதிப் படையோடு 2007 முதல் லெபனானுக்குச் சென்று வரும் நம் படையினர்க்கு இச்சலுகை பொருந்துமா என்பது அந்தந்த நிலைமையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. விமானம் ஏறுமுன் இரண்டு சாட்சிகளுக்கு முன் ஒப்பமிட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. நம் கருத்தில், 26ஆம் பிரிவு அவசரத்துக்கு உதவும் கயிறு. அதை வைத்து வீடு கட்ட இயலாது.

மதம் பற்றியும் ஒரு சொல். இதுவரை கூறியவை முஸ்லிம் அல்லாதாருக்கு. முஸ்லிம்களின் சொத்து பராயிட் முறைப்படி பிரிக்கப்படும். வாரிசு அல்லாதாருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உயிலால் கொடுக்கலாம். மதம் மாறியவரின் முஸ்லிம் அல்லாத மனைவி மக்கள் பராயிட் முறையில் வாரிசு ஆகார். 1997ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற இராணுவ வீரர் மா. மூர்த்தி 2005 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் காலமானபோது, அவர் எம்மதத்தவர் என்ற கேள்வி ஷரியா நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் சென்றதை வாசகர் அறிவர். மூர்த்தி முஸ்லிம் என்று ஷரியா நீதிமன்றம் அறிவித்தது. அதில் தலையிட அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அதன் சரி, தவறுகளுள் நாம் புகவில்லை. பதிவேடுகளில் உள்ள நிலை எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையே மாற்றும். ஆகவே அப்பதிவில் மாற்றம் செய்யும் எவரும் குடும்பத்தாரிடம் அதை மறைக்கலாகாது.

பெற்றோரின் சொத்தைப் பற்றியும் கூற வேண்டும். பட்டாளத்து மகன் அதிகம் ஏமாறுவது இங்குதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்தை விட்டு வந்த குடும்பங்களில் சில, மலிவு விலை வீடு ஒன்றைத் தந்தையின் பெயரில் பெற்றன. தந்தை உயிலின்றி இறந்தார். மூத்தவன் அதே வீட்டில் இருக்கிறான், இளையவன் சரவாக் முகாமில் இருக்கிறான். நிலம் அல்லது வீட்டை உள்ளடக்கிய சொத்து ஐம்பது இலட்சம் வெள்ளிக்கு மேற்படாமல், உயிலும் இல்லையெனில், நிலப் பொது இயக்குநர் இலாகாவின் கீழுள்ள சிறு சொத்துப் பங்கீட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2024 ஜூலைக்கு முன் அந்த வரம்பு இருபது இலட்சமாக இருந்தது. விசாரணை நாளில் வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும், அல்லது எழுத்தில் சம்மதம் அனுப்ப வேண்டும். “ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு, எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வான்” என்று வந்த தாளை முகாமில் படித்துப் பாராமல் ஒப்பமிட்டு, தம் பங்கையே விட்டுக்கொடுத்துவிடுவோர் உண்டு. விட்டுக்கொடுப்பது நல்ல குணமே; என்னவென்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

நிலமில்லாத எளிய சொத்துக்கு, பொது அறங்காவலர் துறையின் வழிவந்த அமானா ராயா நிறுவனத்தை நாடலாம். உயில் எழுதித் தரும் பணியையும் கட்டணம் பெற்று அது செய்கிறது. உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வேண்டும். வசதி குறைந்தோர் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம்.

எழுதிய தாளை எங்கே வைப்பது? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதைக் கண்டோம். தகரப் பெட்டியும் அலமாரியின் கீழ்த்தட்டும் பாதுகாப்பல்ல. நீர் புகாத உறையில் இட்டு உயரமான இடத்தில் வைப்பதும், பிரதி ஒன்றை நிறைவேற்றுநரிடம் கொடுப்பதும் நன்று. ஆனால் பிரதி மூலமாகாது. மூலம் எங்கே என்று குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், படை எண், நிதி வாரிய, சேமநிதி உறுப்பினர் எண்கள், காப்புறுதிப் பத்திர எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி உயிலோடு வைக்கலாம். கடன்களையும் எழுத மறக்கலாகாது. மோட்டார் சைக்கிள் தவணையும் கூட்டுறவுக் கடனும் அதில் அடங்கும்.

மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது, வந்த முதல் நாளே இதைத் தொடங்க வேண்டாம். அலுவலகம் திறந்திருக்கும் ஒரு வார நாளை ஒதுக்கி, தாய், மனைவி, மகன் மூவரும் ஒன்றாகச் சேமநிதி அலுவலகத்துக்குச் சென்று நியமனப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். திருமணம் பதியப்படாதிருந்தால் பதிவிலாகா முதலில், மற்றவை பின்னர். உயிலில் ஒப்பமிடும் நாளில் பக்கத்து வீட்டார் இருவரை அழைத்து, அவர்கள் கண்முன்னே மகன் ஒப்பமிட்டு, அவர்களும் அங்கேயே ஒப்பமிட்ட பின்னரே தேநீர் கொடுத்து அனுப்புக.